பணிப்பெண் முகவையின் சேவை: வாசித்துக் காட்டிய ஒப்பந்தமும் வாசிக்காமல் விட்ட கடன் தாளும்

சிங்கப்பூரில் என் வீட்டுக்கு ஒரு பணிப்பெண்ணை அழைத்து வருவதற்காகச் சென்ற ஆண்டு நான் நாடிய வேலை நியமன முகவையைப் பற்றிய மதிப்பீடு இது. முகவையின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் வழியாக வந்தவர் இன்னும் என் வீட்டில்தான் வேலை செய்கிறார். முகவையின் பெயரைச் சொன்னால் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவருடைய கடன் விவரங்களையும் இங்கே சொல்லப்போவதால் அந்தச் சங்கடம் அவருக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இதை எழுதலாமா என்று முன்னதாகவே அவரிடம் கேட்டேன். எழுதி முடித்த பிறகு முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

என் அம்மாவுக்கு 78 வயது. நினைவு தவறத் தொடங்கிய பிறகு, இளமையில் சரளமாகப் பேசிய மலாயும் சிறிதளவு ஆங்கிலமும் அவரைவிட்டு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தமிழ் மட்டும் மிச்சம். ஆகவே தமிழ் பேசும் ஒருவர் வேண்டும் என்பதே எங்கள் முதல் தேவையாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பெண்களை அழைத்து வரும் முகவைகள் இங்கு அதிகம் இல்லை என்பதால், தேர்வு செய்வதற்கு எங்களுக்கு இரண்டு மூன்று இடங்களே இருந்தன.

முகவையைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலைத்தான். உரிம எண், முகவை வழியாக வந்த பணிப்பெண்களில் எத்தனை விழுக்காட்டினர் ஒரே வீட்டில் ஓராண்டாவது நிலைத்தார்கள் என்ற கணக்கு, வாடிக்கையாளர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் அந்த நட்சத்திரங்களைக் கொடுப்பவர்கள் முதலாளிகள் மட்டுமே என்பதை நான் வெகு காலம் கழித்துத்தான் யோசித்தேன். முகவையின் மேசைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், மறுபக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். நான் கட்டணம் கொடுத்தேன், அவரும் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் என்னைவிட அவர் கொடுத்ததுதான் அதிகம். அப்படியிருக்க, அவர் கொடுக்கும் நட்சத்திரத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அதனால் இந்த மதிப்பீட்டை இயன்றவரை அவருடைய பக்கத்திலிருந்து எழுத முயல்கிறேன்.

முதலில் சென்று பார்த்த வேறொரு முகவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்து நிமிடங்களில் வெளியே வந்துவிட்டோம். “பாஸ்போர்ட்டை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் மேடம், எல்லா முதலாளியும் அப்படித்தான் செய்கிறார்கள்,” என்று அங்கிருந்தவர் சொன்னார். இன்னொருவருடைய கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்வது இந்த நாட்டின் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். அதோடு, பணிப்பெண்ணின் கணக்கில் எழுதப்போகும் செலவுகள் என்று அவர் காட்டிய பட்டியலில், அரசாங்கத்துக்கு முதலாளி பொறுப்பேற்கும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகைக்கான காப்புறுதிச் சந்தாவும் சேர்ந்திருந்தது. பிணைத்தொகை, அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை, மருத்துவக் காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் மருத்துவப் பரிசோதனை ஆகிய அனைத்தும் முதலாளியின் செலவுகள். அவற்றில் எதையும் பணிப்பெண்ணின் சம்பளத்திலிருந்து எடுக்கக்கூடாது.

இரண்டாவதாகச் சென்ற முகவையைத்தான் தேர்ந்தெடுத்தோம். அங்கு நடந்த நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உண்மையிலேயே நல்லவை. எங்களிடமிருந்து வாங்கவேண்டிய சேவைக் கட்டணம், பிணைத்தொகைக் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி, தனிநபர் விபத்துக் காப்புறுதி எல்லாவற்றையும் என் கணக்கிலேயே தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுத்தார்கள். 67 வயதைக் கடந்த பெரியவர் வீட்டில் இருந்தால் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதிலாக 60 வெள்ளிதான் என்ற சலுகையை நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். அந்தப் பெண் இங்கு வந்து இறங்கிய மறுநாள், முகவையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருவர் வேலை ஒப்பந்தம் முழுவதையும் எங்கள் இருவர் முன்னிலையிலும் தமிழில் வாசித்து விளக்கினார். ஐம்பது நிமிடங்கள் ஆயின. அவசரம் காட்டவில்லை. சம்பளம் 650 வெள்ளி, அது மாதம் முடிந்து 7 நாள்களுக்குள் கையில் வரவேண்டும், வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்டால் முதலாளி மறுக்கக்கூடாது, சம்பளத்தைப் பத்திரமாக வைத்துத் தருகிறேன் என்று சொல்லி முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 2019ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது, வேலை அனுமதியில் பதிவான முகவரியைத் தவிர வேறு வீட்டில் வேலை செய்யச் சொல்ல முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, “புரிகிறதாம்மா, திருப்பிச் சொல்லுங்கள் பார்க்கலாம்,” என்று கேட்டுக்கேட்டு மேலே போனார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது, வாரம் ஒருநாள் தன் வீட்டையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று என் தங்கை என்னிடம் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஓய்வுநாள் பற்றிய பத்தியில்தான் முதல் தடுமாற்றம். வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்பது 2013 ஜனவரி முதல் இங்கு விதியாக இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் ஓய்வுநாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுசெய்யாமல் ஓய்வாகவே கொடுக்கவேண்டும் என்பது 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. எங்கள் படிவத்தில் மாதம் ஒரு நாள் ஓய்வு, மீதி நாள்களுக்குப் பணம் என்ற கட்டத்தில் யாரோ முன்கூட்டியே பென்சிலால் குறியிட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டுக் குறித்ததாகத் தெரியவில்லை. நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 25 வெள்ளி என்றார்கள். கணக்கு சரி. ஆனால் வந்து ஒரு நாள்கூட ஆகாத ஒருவர், கடனோடு வந்திருப்பவர், முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, “எனக்கு ஓய்வு வேண்டும், பணம் வேண்டாம்,” என்று எப்படிச் சொல்வார்? நான் கேட்டபோதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “உங்கள் இஷ்டம் மேடம்,” என்றுதான் சொன்னார். மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு என்று மாற்றி எழுதச் சொன்னேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் யார் இருப்பது என்ற கவலையில், அந்தப் பென்சில் குறியை அப்படியே விட்டுவிடலாமா என்று நானும் சில நொடிகள் யோசித்தேன்.

சட்டத்தின் நிலையையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் இல்லப் பணிப்பெண்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் மிகைநேர ஊதியம் என்ற கணக்கெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு உள்ள பாதுகாப்பு வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தின் கீழ் முதலாளிக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளின் வழியாக வருகிறது: போதுமான உணவு, போதுமான ஓய்வு, பாதுகாப்பான தங்குமிடம், மருத்துவச் செலவு, உரிய காலத்தில் சம்பளம். ‘போதுமான’ என்ற சொல்லுக்குள் எத்தனை மணி நேரத் தூக்கம் அடங்கும் என்பது எழுதப்படவில்லை. எனவே ஒப்பந்தத் தாளில் என்ன எழுதுகிறோம் என்பது மற்ற தொழிலாளர்களைவிட இவர்களுக்கு அதிக முக்கியம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை இல்லை, அம்மா இரவில் எழுந்தால் நானோ என் கணவரோ பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டபோது முகவை மறுக்காமல் எழுதிக் கொடுத்தது. மறக்காமல் இதையும் அவர்களுடைய நல்ல கணக்கில் சேர்க்கிறேன்.

இனி அந்தக் கடன் தாளுக்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தை ஐம்பது நிமிடம் வாசித்த அதே பெண்மணி, அது முடிந்ததும் ஒரே பக்கத்தில் இருந்த இன்னொரு தாளை எடுத்து, அடியில் இருந்த கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டி, “இங்கே ஒரு கையெழுத்து,” என்றார். தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வந்தவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர், தமிழை நன்றாக வாசிப்பார். ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதுவார். அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். நான் அந்தத் தாளை என் பக்கம் இழுத்துப் படித்தேன்.

மொத்தம் 2,600 வெள்ளி, அதாவது அவருடைய நான்கு மாதச் சம்பளம், அவர் பெயரில் கடன். அதில் 1,300 வெள்ளி முகவையின் கட்டணம். வேலை செய்யவரும் பெண்ணிடமிருந்து இங்குள்ள முகவை வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு 1,300 என்பது அந்த வரம்பின் உச்சியில் சரியாகப் போய் நிற்கிறது. மீதி 1,300 வெள்ளி ‘வெளிநாட்டுச் செலவு’. பயிற்சி 400, ஊர் முகவர் 350, விமானச் சீட்டு 250, மருத்துவம் 150, ஆவணங்கள் 150. சட்டத்தின் வரம்பு இங்குள்ள முகவையின் கட்டணத்துக்குத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் ஏற்படும் செலவு என்று எழுதப்படும் தொகை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. முகவை கேட்ட ஏற்பாடு இதுதான்: மொத்தத் தொகையையும் நான் முன்பணமாக முகவைக்குக் கட்டிவிடவேண்டும், பிறகு அவருடைய சம்பளத்திலிருந்து நான் பிடித்துக்கொள்ளலாம். முதல் நான்கு மாதங்களுக்கு மாதம் 630 வெள்ளி பிடித்தம், கைச்செலவுக்கு 20 வெள்ளி. ஐந்தாம் மாதத்தில் மீதி 80.

இதில் நடப்பது என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கடனைக் கொடுத்தவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. முகவைக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்து விழுந்த நொடியில் கடன் கொடுத்தவள் நான் ஆகிவிட்டேன். அவருடைய வேலை அனுமதி என் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. என் சம்மதம் இல்லாமல் அவர் வேறு வீட்டுக்கு மாற முடியாது. ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பவரும், தங்க இடம் கொடுப்பவரும், நாட்டில் இருக்க அனுமதி வாங்கித் தருபவரும், கடன் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த ஒப்பந்தத்தில் தமிழில் வாசித்துக் காட்டிய உரிமைகளில் எத்தனையை அவர் வாய் திறந்து கேட்கமுடியும்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட, வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, முகவைகளின் கட்டணம் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து கழிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. சிங்கப்பூரும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை, இந்தியாவும் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே என் எதிரில் இருந்த தாள் சட்டவிரோதமானதல்ல. ஆனால் ஒப்பந்தத்துக்கு ஐம்பது நிமிடம் கொடுத்தவர்கள் இதற்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்காததை நான் சாதாரணக் கவனக்குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாளை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். 630 என்ற எண்ணைக் கேட்டதும் அந்தப் பெண் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “அப்படியென்றால் சித்திரை வரைக்கும் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாதா?” என்று கேட்டார். அவருக்கு ஊரில் ஏற்கெனவே கடன் இருந்தது. ஊர் முகவருக்கு முன்பணம் கொடுப்பதற்காக நகையை அடகு வைத்திருந்தார். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அதாவது அந்த ‘ஊர் முகவர் 350’ என்ற தொகை அவர் கையால் ஒருமுறை ஏற்கெனவே கொடுத்ததன் மேல் இரண்டாவது முறையாக எழுதப்பட்டதா என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. முகவையிடம் பதில் இல்லை. “அது அங்கே நடப்பது மேடம், எங்களுக்குத் தெரியாது,” என்றார்கள். பிடித்தத்தை மாதம் 260 வெள்ளி வீதம் பத்து மாதங்களாக மாற்றி எழுதச் சொல்லி, வெளிநாட்டுச் செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டு, ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்கச் செய்த பிறகே இருவரும் கையெழுத்திட்டோம். மாதம் 390 வெள்ளி கையில் வரும் என்று தெரிந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அது அவருடைய சம்பளம்.

முதல்முறை வருகிற எல்லாருக்கும் கட்டாயமான ஒருநாள் அறிமுக வகுப்பு தமிழிலும் நடப்பதால், அவருக்கு அதில் சிரமம் இல்லை. வங்கிக் கணக்கும் அந்த வாரத்திலேயே திறந்தாயிற்று.

நியமனம் முடிந்து மூன்று மாதங்களுக்குள் முகவை ஒருமுறையாவது இருதரப்பிலும் நலம் விசாரிக்கவேண்டும். எங்கள் முகவை தொலைபேசியில் விசாரித்தது. என்னிடம் எட்டு நிமிடம் பேசினார்கள்; அவரிடம் இரண்டு நிமிடம், அதுவும் நான் அதே அறையில் இருக்கும்போது. நானாக எழுந்து வெளியே போயிருக்கவேண்டும், போகவில்லை. அவர்களும், “மேடம், கொஞ்சம் தனியாகப் பேசலாமா?” என்று கேட்கவில்லை. வீட்டில் ஏதாவது தவறு நடந்திருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் அது வெளியே வந்திருக்க வழியே இல்லை.

ஐந்தாம் மாதத்தில்தான் நான் இந்த மதிப்பீட்டை எழுதவேண்டும் என்று முடிவு செய்த சம்பவம் நடந்தது. இரவு பத்து மணிக்கு அவர் என் அறை வாசலில் கைப்பேசியோடு நின்றார். அதற்குள் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். “அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். வாங்கலாமா?” என்றார். நல்ல தமிழில் எழுதப்பட்ட செய்தி: பணிப்பெண்களுக்கு உடனடிக் கடன் 1,000 வெள்ளி, ஆவணம் வேண்டாம், முதலாளிக்குத் தெரியாது. அவர் விசாரித்தபோது வந்த பதில்களையும் காட்டினார். 1,000 வெள்ளியில் முன்வட்டியாக 300 கழித்து 700 கைக்கு வரும். வாரம் 150 வீதம் பத்து வாரம் கட்டவேண்டும். வேலை அனுமதி அட்டையின் இரு பக்கப் படம், எங்கள் வீட்டு முகவரி, என் பெயர், இவற்றோடு அவருடைய வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் ‘உத்தரவாதமாக’ ஒப்படைக்கவேண்டும். ஊரில் அடகு வைத்த நகைக்குக் கெடு முடிந்து, ஏலத்துக்குப் போகும் என்று கடிதம் வந்திருந்தது. மகளுக்கென்று வைத்திருந்த நகை அது.

இந்த இடத்தில் சட்டம் அவருக்கு என்ன சொல்கிறது என்பதை முகவையும் சொல்லியிருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து தேடிப் படித்தோம். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் குறுஞ்செய்தி வழியாகவோ சமூக ஊடகம் வழியாகவோ யாரையும் கடன் வாங்க அழைக்கக்கூடாது. ஆளை நேரில் பார்க்காமல் கடன் கொடுக்கக்கூடாது. வேலை அனுமதி அட்டையையோ கடவுச்சீட்டையோ வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. எனவே கைப்பேசிக்குத் தானாக வந்த அந்தச் செய்தி, பேச்சுவழக்கில் ஆலோங் என்று சொல்கிறோமே, அந்த உரிமமற்ற கடன்காரர்களிடமிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. முறையாக வாங்கியிருந்தால்? ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவான வெளிநாட்டவருக்கு, உரிமம் பெற்ற எல்லாக் கடன் நிறுவனங்களும் சேர்ந்து கொடுக்கக்கூடிய மொத்தக் கடனே 500 வெள்ளிதான். அவருடைய ஆண்டுச் சம்பளம் 7,800. அந்த 500லும் தொடக்கக் கட்டணமாகப் பத்து விழுக்காடு வரை கழிக்கலாம் என்பதால் கையில் வருவது 450 ஆகலாம். வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. வட்டியும் கட்டணங்களும் எல்லாம் சேர்ந்து அசல் தொகையைத் தாண்டவும் கூடாது. வரம்பு அவருடைய பாதுகாப்புக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது 700 வெள்ளி. முறையான கதவு 500இல் சாத்திக்கொள்ளும்போது, முறையற்றவன் 1,000 என்று எழுதி அனுப்புகிறான்; அந்தப் பெண்ணுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

வங்கி அட்டை விஷயம் இன்னும் மோசமானது. அந்தக் கணக்கு வழியாக மற்றவர்களுடைய கடன் பணம் போய்வந்தால், சட்டவிரோதக் கடன் தொழிலுக்கு உதவியதாக அவர்மீதே குற்றம் சாட்டமுடியும். முதல்முறைக் குற்றத்துக்கே 4 ஆண்டு வரை சிறை, 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம். கடன் வாங்க வந்தவர் குற்றவாளியாக வெளியே போகவேண்டியிருக்கும். ஊரில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. அவர் அந்தப் பெயர்கள் அனைத்தையும் அறிந்தவர். “இது மீட்டர் வட்டி மாதிரிதானே அக்கா?” என்று கேட்டார். இங்கே அதற்கு வேறு பெயர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முகவையைக் கூப்பிட்டேன். ஒப்பந்தம் வாசித்த பெண்மணி விலகிப் போயிருந்தார். வேறொருவர் நான் சொன்னதைப் பாதிவரை கேட்டுவிட்டு, “முதலில் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் மேடம். கடன் பிரச்சினை உள்ள ஆள் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்,” என்றார். மாற்றித் தருகிறோம் என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கடனில் பாதி அவர்கள் எழுதியது. தன்னை மிரட்டக்கூடியவர்களிடமிருந்து வந்த செய்தியைத் தானாகக் கொண்டுவந்து காட்டிய ஒருவரிடமிருந்து கைப்பேசியைப் பறித்தால், அடுத்த செய்தியை அவர் யாரிடம் காட்டுவார்? எந்த எண்ணுக்குப் புகார் செய்வது, எந்த அமைப்பிடம் பேசுவது, எதுவும் அந்த உரையாடலில் வரவில்லை. காவல்துறையிடம் நாங்களே புகார் செய்தோம். பணிப்பெண்களுக்கான நிலையம் 2016 முதல் இயங்கி வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ‘ஹோம்’ 2004இல் தொடங்கியது. அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே என்பதால், பணிப்பெண் ஒருவர் சிக்கலில் மாட்டினால் இத்தகைய அமைப்புகளும் கட்டணம் வாங்காமல் வாதாடும் வழக்கறிஞர்களும்தான் துணை. முதலாளி வீட்டில் திருடியதாகத் தண்டிக்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண் பார்தி லியானியை 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்ததற்குப் பின்னால் இருந்ததும் அப்படிப்பட்ட துணைதான். இந்தப் பெயர்களைத் தமிழில் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு முதல் நாளே அவர் கையில் கொடுக்க முகவைக்கு என்ன செலவாகிவிடும்?

நகைக்கான 700 வெள்ளியை வட்டியில்லாமல் நான் கொடுத்தேன். ஆனால் நானே மறுபடியும் கடன் கொடுத்தவளாக ஆவதில் எனக்குத் தயக்கம் இருந்ததால், தமிழில் ஒரு தாள் எழுதினோம்: முகவைக் கடன் முடிந்த பிறகு மாதம் 140 வீதம் ஐந்து தவணை, அதற்கு முன் அவர் வேலையை விட்டுப் போனாலோ நான் நிறுத்தினாலோ, மீதியைக் கேட்கமாட்டேன். சம்பளத்திலிருந்து நான் கழிப்பதில்லை. முழுத் தொகையும் அவர் கணக்குக்குப் போகிறது. தவணையை அவரே எனக்குத் திருப்பி அனுப்புகிறார். இப்போது இரண்டு தவணை மீதி இருக்கிறது.

ரசீதுகளின் கதை தனி. விமானச் சீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஆவணங்களுக்கும் உடனே வந்தன. ஊர் முகவருக்கு ஒரு கையெழுத்துச் சீட்டு வந்தது. அதை நான் ஏற்கவில்லை, அவர்கள் விடவும் இல்லை. 400 வெள்ளிப் பயிற்சிக்கு எதுவும் வரவில்லை. அவரைக் கேட்டேன். ஊர் முகவரின் வீட்டு மாடியில் ஒரு பிற்பகல் உட்காரவைத்து, சலவை இயந்திரத்தின் படம் ஒன்றைக் காட்டினார்களாம், இயந்திரம் இல்லை. நான்கு கடிதங்கள் எழுதிய பிறகு, ஏழாம் மாதத்தில் முகவை அந்த 400 வெள்ளியைத் திருப்பித் தந்தது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதனால் அவருடைய கடன் பத்து மாதங்களுக்குப் பதிலாக ஒன்பதாம் மாதத்தில், 120 வெள்ளிக் கடைசித் தவணையோடு முடிந்தது.

இந்த முகவையை மற்றவர்களுக்குச் சொல்வேனா என்று கேட்கிறவர்களுக்கு: முதலாளிக்கு உரிய வேலைகளை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள், கணக்கு நேரானது, ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை மற்ற முகவைகள் பின்பற்றத்தக்கது. போகிறவர்கள் கடன் தாளையும் அதே ஐம்பது நிமிடத்துக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் அவர் கையில் என்ன மிஞ்சும் என்று பேனாவால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் யாருக்கு எவ்வளவு ஏற்கெனவே கொடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். மூன்றையும் முகவை தானாகச் செய்யாது. இரண்டாண்டு முடிவதற்கு இன்னும் காலம் இருக்கும்போதே, வேலை அனுமதியைப் புதுப்பித்துத் தருவதற்கான கட்டணத்தைச் சொல்லி அவர்களிடமிருந்து இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதில் பணிப்பெண்ணின் பங்கு என்று ஒரு வரியும் உண்டு. புதுப்பிப்பதை முகவை இல்லாமல் இணையத்தில் நானே செய்துகொள்ளலாம் என்பதால், அந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு, வேண்டாம் என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.